எஸ்ஜிபிடி 34: ஈரலுக்குள் நடப்பதும் ரத்தப் பரிசோதனைத் தாள் சொல்லாததும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிவதற்குள், மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய்க் கழிவு கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் கறுப்புப் படலமாகப் பரவியது. எண்ணூரைச் சுற்றியுள்ள குப்பங்களின் மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளிலேயே இறங்கி, வாளியிலும் மக்கிலும் அந்த எண்ணெயை அள்ளி டிரம்களில் ஊற்றினார்கள். அப்படி அள்ளப் போனவர்களில் எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன், சில வாரங்கள் கழித்து, ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளோடு திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்தார். நான் மருத்துவன் அல்லன், கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுப்பவன் என்பது அவருக்குத் தெரியும். தாளைப் படித்துச் சொல்ல அது போதும் என்று நினைத்திருப்பார். பிலிருபின், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஆல்கலைன் பாஸ்படேஸ், அல்புமின் என்று வரிசையாக எண்கள். எஸ்ஜிபிடிக்கு நேராக 34; பக்கத்தில் 40 வரை இயல்பு என்று குறிப்பு. “எல்லாம் நார்மல்னு போட்டுக்குது. அப்போ அந்த எண்ணெய் நம்ம ஈரல ஒண்ணும் பண்ணலதானே தம்பி?” என்றார்.

எஸ்ஜிபிடி என்பது ஈரல் செல்லுக்குள் வேலை செய்யும் ஒரு நொதி. செல் முழுதாக இருக்கும்வரை அது பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். ஆகவே அந்த எண் சொல்வது, அண்மைய சில நாட்களில் எத்தனை செல்கள் உடைந்தன என்பதற்கான ஒரு மதிப்பீட்டை மட்டுமே. உடையாத செல்களுக்குள் என்ன நடந்தது, எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொண்டன, டிஎன்ஏவில் ஏதாவது ஒட்டிக்கொண்டதா, கையிருப்பில் இருந்த எதெது கரைந்தது என்பதெல்லாம் அந்தத் தாளுக்குத் தெரியாது. ஒரு வேதிப்பொருளுக்கு ஈரல் காட்டும் எதிர்வினையின் மிகப் பெரும்பகுதி நடப்பதோ அங்கேதான்.

ஈரலை உடம்பின் வடிகட்டி என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கறிக்கடையில் ஈரல் வாங்கும்போதுகூட, ஆட்டின் விஷமெல்லாம் அதில்தான் தங்கியிருக்கும் என்று ஒருவராவது சொல்வார். வடிகட்டி என்ற சொல் சிறுநீரகத்துக்கு ஓரளவு பொருந்தும். ஈரல் எதையும் வடிகட்டுவதில்லை. வருகிற பொருளை வேறொரு பொருளாக மாற்றுகிறது. இந்த வேறுபாடு வெறும் சொல் விவகாரம் அன்று. மாற்றம் என்றால் அதற்கு ஒரு இடைநிலை உண்டு. சில நேரங்களில் அந்த இடைநிலைப் பொருள், உள்ளே வந்த பொருளைவிடக் கொடியது. வேதிப்பொருள்களால் ஈரல் சந்திக்கும் ஆபத்துகளில் பல ஈரலே உருவாக்கிக்கொள்பவை என்று சொன்னால் மிகையாகாது.

வளர்ந்தவர் ஒருவரின் ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் அதற்குள் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருவதால், வாய்வழி உள்ளே போவதில் பெரும்பகுதி மற்ற உறுப்புகளுக்குப் போகுமுன் ஈரலைக் கடந்தாக வேண்டும். மூச்சில் போகும் ஆவிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. பெயின்ட் அடிப்பவர் இழுக்கும் தின்னர் வாடை நுரையீரலிலிருந்து நேரே மூளைக்குப் போய்விட்டு, அடுத்தடுத்த சுற்றுகளில்தான் ஈரலுக்கு வந்து சேர்கிறது. தலை கிறுகிறுப்பது முதலில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈரலுக்குள்ள சிக்கல் இதுதான். நீரில் கரையும் பொருளைச் சிறுநீரோடு அனுப்பிவிடலாம். எண்ணெயில் கரையும் பொருள் அப்படிப் போகாது; சிறுநீரகத்தில் வடிந்தாலும் சவ்வுகளின் வழியே மீண்டும் ரத்தத்துக்கே திரும்பிவிடும், கொழுப்பில் போய்த் தங்கும். எனவே வழுக்கும் பாத்திரத்துக்குப் பிடி வைப்பதைப் போல, ஈரல் அதன்மேல் நீரை விரும்பும் ஒரு பிடியைப் பொருத்த வேண்டும். ஆனால் பென்சீன் போன்ற ஒரு மூலக்கூறில் பிடியைப் பொருத்த ஓர் இடமும் இருப்பதில்லை. முதலில் ஒரு துளை போட்டாக வேண்டும்.

துளை போடும் நொதிக் குடும்பத்தின் பெயர் சைட்டோகுரோம் பி450. இதன் நடுவே, ரத்தச் சிவப்பணுவில் இருப்பதைப் போலவே, ஹீம் வளையத்துக்குள் ஓர் இரும்பு அணு அமர்ந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அதில் ஒட்டும்போது 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சுவதால் இந்தப் பெயர். ஜப்பானில் ஓமுராவும் சாட்டோவும் 1962-ல் வைத்தது. மனிதனிடம் இந்தக் குடும்பத்துக்கு 57 மரபணுக்கள் உள்ளன. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் மூலக்கூறை இரும்பின் மேல் இரண்டாகப் பிளந்து, ஓர் அணுவை நீராக்கிவிட்டு, மற்றோர் அணுவை வந்த பொருளின் உடலில் செருகுவதுதான் இவற்றின் வேலை. செருகப்பட்ட அந்த ஆக்சிஜன்தான் பிடி பொருத்துவதற்கான துளை.

எங்கே செருகப்படுகிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. தின்னரில் இருக்கும் டொலுவீனையும் பெட்ரோலில் இருக்கும் பென்சீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். இரண்டும் அறுகோண வளையங்கள். டொலுவீனுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு கார்பன் வால் போல நீட்டிக்கொண்டிருக்கிறது. நொதிக்கு அந்த வால் எளிதான இலக்கு. ஆக்சிஜன் அங்கே செருகப்பட்டு, அது பென்சாயிக் அமிலமாகி, கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு இணைந்து ஹிப்யூரிக் அமிலமாகச் சிறுநீரில் போய்விடுகிறது. பென்சீனுக்கு வால் இல்லை. வளையத்தையே தாக்க வேண்டியிருக்கிறது. அப்போது உருவாகும் எபாக்சைடும் (ஆக்சிஜன் இரண்டு கார்பன்களோடு முக்கோணமாகக் கோத்த, எளிதில் வினைபுரியும் பொருள்) அதிலிருந்து வரும் ஃபீனால்களும் ரத்தத்தில் பயணித்து எலும்பு மஜ்ஜையைச் சேதப்படுத்துகின்றன, லுக்கீமியாவுக்கு வழிவகுக்கின்றன. டொலுவீன் நல்லது என்று இதற்குப் பொருளில்லை; அது நரம்புகளைக் கெடுக்கும். ஆனால் ஒரே ஒரு கார்பன் கூடுதலாக இருந்ததால் ஈரலின் கையில் அதன் கதி மாறிவிடுகிறது. லேத் பட்டறையிலும் மெக்கானிக் கடையிலும் கிரீஸ் போகக் கையைப் பெட்ரோலில் கழுவும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு வளையங்கள்தான் நினைவுக்கு வரும்.

துளை போட்டபின் பிடி பொருத்தும் இரண்டாம் கட்டம். குளுக்குரோனிக் அமிலம், சல்பேட், குளூட்டாதயோன் ஆகிய மூன்றும் முக்கியமான பிடிகள். முதல் இரண்டையும் கடந்து போய்விடலாம். குளூட்டாதயோனிடம் நிற்க வேண்டும். குளுட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு துண்டு அது. நடுவில் இருக்கும் சிஸ்டீனின் கந்தக அணு, எலெக்ட்ரான் பசியோடு அலையும் எந்த மூலக்கூறையும் தானே முன்வந்து கட்டிக்கொள்ளும். பி450 உருவாக்கும் வெறிகொண்ட இடைநிலைப் பொருள்கள் புரதத்தையோ டிஎன்ஏவையோ கடிப்பதற்குமுன் இதைக் கடித்து அடங்கிவிடுகின்றன. ஈரல் செல்லில் இதன் செறிவு 5 முதல் 10 மில்லிமோலார். ஒரு செல் தன் தற்காப்புக்கென்று இவ்வளவு செறிவாகச் சேர்த்து வைத்திருக்கும் பொருள் அரிது.

இந்த இரண்டு கட்டங்களுக்கும் இடையிலுள்ள கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, தொழிற்சாலை வேதிப்பொருள் எதையும் தேட வேண்டாம். எல்லா வீட்டிலும் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரை போதும். சரியான அளவில் சாப்பிடும்போது அதில் பெரும்பங்கு நேராகக் குளுக்குரோனிக் அமிலத்தோடும் சல்பேட்டோடும் சேர்ந்து வெளியேறுகிறது. 5 முதல் 10 சதவீதம் மட்டும் பி450 குடும்பத்தின் 2இ1 போன்ற நொதிகளிடம் போய், என்ஏபிகியூஐ என்ற வீரியமான பொருளாகிறது. அதைக் குளூட்டாதயோன் உடனே கட்டிவிடுகிறது. நமக்குக் காய்ச்சல் இறங்கியது மட்டும்தான் தெரியும். அளவு மீறும்போது சல்பேட் வழி நிரம்பிவிடுகிறது, பி450 வழியில் போவது கூடுகிறது, குளூட்டாதயோன் வேகமாகக் கரைகிறது. அதன் கையிருப்பு சுமார் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும்வரை செல்லுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. இறங்கிய பிறகோ என்ஏபிகியூஐ செல்லின் புரதங்களில், குறிப்பாகச் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில், ஒட்டத் தொடங்குகிறது. இதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1973-ல் எலிகளில் படிப்படியாகக் காட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் கோடாக இல்லாமல், விளிம்பைத் தாண்டியதும் சரியும் மணற்கரையாக இது இருப்பதுதான் கவனிக்க வேண்டியது.

அந்த அறிவிலிருந்தே மாற்று மருந்தும் பிறந்தது. என்-அசிட்டைல்சிஸ்டீன் நஞ்சைத் தேடிப்போய் அழிப்பதில்லை. குளூட்டாதயோன் செய்யத் தேவையான சிஸ்டீனை ஈரலுக்குக் கொடுக்கிறது, அவ்வளவே. மாத்திரை அதிகமாகிப்போன 8 மணி நேரத்துக்குள் அது தொடங்கப்பட்டால் ஈரல் பெரும்பாலும் தப்பிவிடும். முதல் நாளில் ஆள் நன்றாகவே தெரிவார், எஸ்ஜிபிடியும் இயல்பாக இருக்கலாம். அதனாலேயே சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மேலே சொன்ன 2இ1 நொதி மதுவோடும் தொடர்புடையது. தினமும் குடிப்பவரின் ஈரலில் இதன் அளவு பலமடங்கு கூடியிருக்கும். அது கூடும் விதம் விந்தையானது: செல் அந்த நொதியைக் கூடுதலாக உற்பத்தி செய்வதைவிட, எத்தனால் அதன்மேல் அமர்ந்துகொள்வதால் வழக்கமான வேகத்தில் அது சிதைக்கப்படாமல் தேங்கிவிடுவதே முக்கியக் காரணம். பழைய கறை நீக்கும் திரவமான கார்பன் டெட்ராகுளோரைடை இதே நொதிதான் தனியுறுப்பாக, அதாவது இணையற்ற எலெக்ட்ரானோடு கிடைத்ததையெல்லாம் தாக்கும் துண்டாக, உடைத்து, செல்லின் சவ்வுக் கொழுப்பில் சங்கிலித் தீயைப் பற்ற வைக்கிறது. ஈரலின் நுண்மடல்களில் மையச் சிரையைச் சுற்றிய பகுதியில் பி450 மிகுதி, ஆக்சிஜன் குறைவு. எனவே பாராசிட்டமாலாக இருந்தாலும் கார்பன் டெட்ராகுளோரைடாக இருந்தாலும் சாவு அந்த மையத்தில்தான் தொடங்கும். நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறியியலாளர் அந்த வளைய வடிவத்தைக் கண்டே காரணத்தை ஊகிப்பார்.

இதுவரை சொன்னது கையிருப்பில் உள்ள கருவிகளின் வேலை. புதிதாக ஒரு பொருள் வந்திருக்கிறது என்பதை ஈரல் எப்படி அறிகிறது, அறிந்தபின் கருவிகளை எப்படிப் பெருக்கிக்கொள்கிறது என்பது இன்னும் சுவையான பகுதி.

காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதை வட சென்னையில் பல வீடுகளில் அறிவார்கள். அந்த நிறத்துக்குக் காரணமான ரிஃபாம்பிசின், ஈரல் செல்லில் பிஎக்ஸ்ஆர் என்ற ஏற்பியில், அதாவது வரும் பொருளைப் பற்றிக்கொண்டு செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதத்தில், போய் அமர்கிறது. 1998-ல் அடையாளம் காணப்பட்ட இந்த ஏற்பியின் உட்குழி பெரியது, நெகிழக்கூடியது. எந்தக் காலுக்கும் இழுத்து மாட்டிக்கொள்ளும் ரப்பர் செருப்பைப் போல, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வடிவங்களையெல்லாம் ஏற்றுக்கொள்ளும். அமர்ந்ததும் ஏற்பி தன் துணைப்புரதத்தோடு டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தைப் பற்றி, பி450 3ஏ4 நொதியின் உற்பத்தியைப் பெருக்குகிறது. நாம் சாப்பிடும் மருந்துகளில் ஏறக்குறையப் பாதியைக் கையாளும் நொதி அது. ஆகவே ரிஃபாம்பிசின் எடுக்கும் பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். ஈரல் அந்த ஹார்மோனை வழக்கத்தைவிட வேகமாக அழித்துவிடும். மாத்திரையும் தரமானதுதான், ஈரலும் பழுதில்லை. ஈரல் அளவுக்கு மேல் விழித்திருக்கிறது. எஸ்ஜிபிடி இதைக் காட்டாது.

எண்ணெய், புகை, கரி ஆகியவற்றுக்கென்று இன்னொரு ஏற்பி உண்டு. சுருக்கமாக ஏஎச்ஆர் என்பார்கள். செல்லின் நீர்மத்தில் சில புரதங்களின் அணைப்பில் செயலற்றுக் கிடக்கும் இது, தட்டையான பல வளைய மூலக்கூறு ஒன்று வந்து பொருந்தியதும் உட்கருவுக்குள் போய், ஆர்ன்ட் என்ற துணையோடு டிஎன்ஏவைப் பற்றி, பி450 1ஏ வகை நொதிகளை எழுப்பிவிடும். பீடி சிகரெட் புகையிலும், கருகிய இறைச்சியிலும், எண்ணெய்க் கழிவிலும் இத்தகைய வளையங்கள் உண்டு. புகைப்பவர் உடலில் காஃபின் வேகமாகக் கரைவது இதனால்தான்; புகையை விட்டவுடன் அதே அளவு டீ அவருக்கு முன்னைவிடத் தூக்கத்தைக் கெடுக்கும்.

இந்த வளையங்களில் பென்சோபைரீனின் கதை சிக்கலானது. 1ஏ1 நொதி அதில் ஆக்சிஜனைச் செருகி, வேறொரு நொதி அதை டையாலாக மாற்றி, மறுபடியும் பி450 கைவைக்கும்போது உருவாகும் டையால் எபாக்சைடு டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான குவானினோடு பிணைந்து, புற்றுநோய்க்கு வித்திடுகிறது. அப்படியானால் இந்த நொதி இல்லாமலிருப்பதே நல்லது என்று தோன்றும். 2004-ல் வெளிவந்த ஓர் எலி ஆய்வு அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கியது: 1ஏ1 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குப் பென்சோபைரீனை வாய்வழி கொடுத்தபோது அவை ஒரு மாதத்துக்குள் இறந்தன, மரபணு உள்ள எலிகள் பிழைத்தன. சோதனைக் குழாயில் நஞ்சை உருவாக்கும் நொதியே முழு உடலில், குடலிலும் ஈரலிலும் வேகமாக வெளியேற்றும் வேலையைச் செய்து காக்கிறது. இரண்டாம் கட்டம் பின்னாலேயே ஓடி வரும்வரை முதல் கட்டத்தின் வேகம் ஆபத்தில்லை என்று இதைப் புரிந்துகொள்கிறேன். நொதி நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை.

அதே ஏற்பியை டையாக்சின் ஏமாற்றும் விதம் வேறு. குளோரின் கலந்த பிளாஸ்டிக்கும் பிற குப்பையும் குறைந்த வெப்பத்தில் புகைந்து எரியும்போது டையாக்சின்கள் உருவாகும். கொடுங்கையூர் குப்பைக்கிடங்கில் தீப்பிடிக்கும்போதெல்லாம் சுற்றியுள்ளவர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. இவற்றில் மிகக் கொடியது ஏஎச்ஆரில் மிக இறுக்கமாகப் பொருந்தி 1ஏ நொதிகளை எழுப்புகிறது, ஆனால் எழுந்து வந்த நொதியால் அதை உடைக்க முடியாது. ஆக்சிஜன் செருக வேண்டிய மூலைகளையெல்லாம் குளோரின் அணுக்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, வந்தவனை யாராலும் வெளியேற்ற முடியவில்லை. மனித உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 7 ஆண்டுகள் பிடிக்கும்.

மேலே சொன்ன ஏற்பிகள் வரும் பொருளின் வடிவத்தைப் பார்ப்பவை. என்ஆர்எஃப்2, கீப்1 என்ற இரு புரதங்களின் ஏற்பாடு வடிவத்தைப் பார்ப்பதில்லை, விளைவைப் பார்க்கிறது. தற்காப்பு மரபணுக்களை எழுப்பும் என்ஆர்எஃப்2 செல்லில் இடைவிடாமல் உருவாகிக்கொண்டே இருக்கும். கீப்1 அதைப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன் பாதி ஆயுள் சுமார் 20 நிமிடம். செய்வானேன், உடனே உடைப்பானேன் என்று தோன்றும். காரணம் வேகம்: ஆபத்து வரும் நேரத்தில் புதிதாகச் செய்யத் தொடங்க வேண்டியதில்லை, உடைப்பதை நிறுத்தினால் போதும். நிறுத்துவது யார் என்றால், வந்த நஞ்சேதான். மனிதனின் கீப்1 புரதத்தில் 27 சிஸ்டீன்கள் உள்ளன. அவற்றில் சில மிகவும் உணர்ச்சியுள்ளவை. எலெக்ட்ரான் பசியுள்ள பொருள் அந்தக் கந்தக அணுவில் ஒட்டியதும் கீப்1 தன் வேலையைச் சரியாகச் செய்ய முடியாமல் தடுமாறுகிறது. தப்பிய என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் குவிந்து, குளூட்டாதயோன் செய்யும் நொதிகளையும், அதைப் பொருத்தும் நொதிகளையும், ஹீம் ஆக்சிஜனேஸ் போன்றவற்றையும் ஒருசேர எழுப்புகிறது. கேடயமாக நிற்கும் குளூட்டாதயோனிலும், காவல்காரனாக நிற்கும் கீப்1-லும் நஞ்சு கடிக்கும் இடம் ஒரே சிஸ்டீனின் கந்தகம்தான். கேடயம் தேயும் அதே வேதியியலால் காவல்காரன் விழிக்கிறான். எத்தனை ஆண்டுகள் பாடம் எடுத்தாலும் இந்த இடத்தில் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இந்த ஏற்பாட்டைக் காட்டித்தான் ஈரலைச் சுத்தம் செய்யும் சாறு, பொடி, மாத்திரை எல்லாம் விற்கப்படுகின்றன. மஞ்சளின் குர்குமின் ஆய்வகச் செல்களில் கீப்1-ஐச் சீண்டி என்ஆர்எஃப்2-ஐ எழுப்புவது உண்மை. அதாவது செல் அதை ஒரு சிறு நஞ்சாகவே பார்க்கிறது. சாப்பிட்டால் குடலும் ஈரலும் அதற்கு உடனே பிடி பொருத்தி வெளியேற்றிவிடும். அதைத் தடுக்கவென்றே மாத்திரைகளில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பைப்பரின் குளுக்குரோனிக் பிடி பொருத்தும் நொதிகளைத் தடுக்கிறது. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் அழற்சி வந்த 10 பேரைப் பற்றி அமெரிக்க ஆய்வு வலையமைப்பு ஒன்று 2022-ல் எழுதியது. அவற்றில் சில மாத்திரைகளில் பைப்பரினும் இருந்தது. இரண்டாம் கட்டத்தைத் தடுத்துவிட்டு ஈரலைச் சுத்தம் செய்வதாகச் சொல்வது வேடிக்கைதான். போதாக்குறைக்கு, சில புற்றுச் செல்கள் என்ஆர்எஃப்2-ஐ நிரந்தரமாக எழுப்பி வைத்துக்கொண்டு அதன் தற்காப்பைத் தாங்கள் அனுபவிக்கின்றன.

உலோகங்களை உடைக்க முடியாது. அனல்மின் நிலையச் சாம்பலில் சிறு அளவில் இருக்கும் காட்மியத்தில் ஆக்சிஜனைச் செருகிப் பயனில்லை. அதை மெட்டல்லோதயோனின் என்ற குட்டிப் புரதம் கட்டி வைக்கிறது. அறுபதுக்குச் சற்று அதிகமான அதன் அமினோ அமிலங்களில் 20 சிஸ்டீன், மறுபடியும் கந்தகம். காட்மியம் வந்து அந்தப் புரதத்திலிருந்த துத்தநாகத்தை வெளியே தள்ள, தள்ளப்பட்ட துத்தநாகமே இன்னும் மெட்டல்லோதயோனின் செய் என்ற செய்தியாக உட்கருவுக்குப் போகிறது. பிறகு அந்தக் கட்டு மெல்ல மெல்லச் சிறுநீரகத்துக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் தங்கிவிடும். ஈரல் தப்பிக்கும், சிறுநீரகம் மாட்டிக்கொள்ளும்.

எல்லாத் தற்காப்பும் தோற்கும்போது நடப்பது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியாவில் முடிவாகிறது. அதில் ஒட்டிய நச்சு, ஜேஎன்கே என்ற சமிக்ஞை நொதியைத் தூண்ட, அதுவும் மைட்டோகாண்ட்ரியாவுக்கே வந்து சுமையைக் கூட்ட, கடைசியில் சவ்வில் துளைகள் திறந்து ஆற்றல் உற்பத்தி நின்று செல் வெடிக்கிறது. இந்த நேரத்தில்தான் எஸ்ஜிபிடி ரத்தத்துக்கு வருகிறது. உடைந்த செல்லிலிருந்து சிந்தும் பொருள்களைக் கண்டு ஈரலின் காவல் செல்களான குப்பர் செல்கள் அழற்சியைக் கிளப்புகின்றன. அதே அழற்சிச் சமிக்ஞைகளில் சில, எஞ்சிய செல்களைப் பிரிந்து பெருகச் சொல்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு ஈரலை வெட்டியெடுத்தாலும் எலி ஒன்றிரண்டு வாரத்தில் பழைய எடைக்கு வளர்த்துக்கொள்ளும் என்பது 1931-லேயே காட்டப்பட்டது. அடி ஒருமுறையோடு நின்றால் ஈரல் மீளும். நிற்காமல் தொடர்ந்தால், வைட்டமின் ஏவைச் சேமித்துக்கொண்டு அமைதியாக இருந்த ஸ்டெல்லேட் செல்கள் நார் நெய்யத் தொடங்குகின்றன. ஸ்டான்லி மருத்துவமனையின் வார்டுகளில் வயிறு நீர்கோத்துப் படுத்திருப்பவர்களின் ஈரலில் இருப்பது அந்த நார்தான்.

செல்லை உடைக்காமலேயே கெடுதல் செய்யும் பொருள்களும் உண்டு. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் உருவாகும் அஃப்லாடாக்சின், 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. அதிக அளவில் அது உடனே கொல்லும்; சிறு அளவில் நெடுநாள் உண்டால், பி450 அதை எபாக்சைடாக்க, அது குவானினில் ஒட்டி, புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவின் 249-ஆவது குறியீட்டில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிவிடும். செல் உயிரோடு இருக்கும், எஸ்ஜிபிடி இயல்பாக இருக்கலாம், புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்து வரும். ஹெபடைட்டிஸ் பி இருப்பவருக்கு இந்த ஆபத்து பலமடங்கு. கசக்கும் கடலையைத் துப்பிவிடுவது நல்ல பழக்கம்.

ஒரே பொருள் ஒருவரைத் தாக்கி மற்றவரை விட்டுவிடுவதற்கும் மூலக்கூறு அளவில் காரணம் உண்டு. அதன் ஒரு பகுதி நம் ஊரிலேயே ஆராயப்பட்டது. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், ஐசோனியசிட் மருந்தைச் சிலர் வேகமாகவும் சிலர் மெதுவாகவும் செயலிழக்கச் செய்கிறார்கள் என்பதைத் தென்னிந்திய நோயாளிகளிடம் அளந்து 1961-ல் வெளியிட்டது. நேட்2 என்ற நொதியின் மரபணு வேறுபாடே காரணம். நம்மில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவான வகை. ஐசோனியசிட்டிலிருந்து பிறக்கும் அசிட்டைல்ஹைட்ரசினை அடக்குவதும் அதே நேட்2 என்பதால், மெதுவானவர்களிடம் அது தேங்கி, பி450 கையில் சிக்கி, ஈரலைக் கெடுக்கும் வாய்ப்பு கூடுகிறது. காசநோய் மருந்து எடுக்கும்போது கண் மஞ்சளித்தால், வாந்தி நிற்காவிட்டால், உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்வது இதனால்தான்.

அண்ணனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. 34 என்றால் ரத்தம் கொடுத்த அந்த வாரத்தில் ஈரல் செல்கள் பெரிய அளவில் உடையவில்லை என்று பொருள். அது நல்ல செய்திதான், ஆனால் எண்ணெய் உள்ளே போனதா, எவ்வளவு போனது என்பதற்கு அது பதில் இல்லை என்றேன். பதில் சொல்லக்கூடிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. எண்ணெயிலும் தாரிலும் உள்ள பைரீன் என்ற நான்கு வளைய மூலக்கூறை ஈரல் 1-ஹைட்ராக்சிபைரீனாக்கி, பிடி பொருத்திச் சிறுநீரில் அனுப்பும். நிலக்கரியைச் சுட்டுக் கோக் செய்யும் அடுப்பிலும் தார்ச்சாலையிலும் வேலை செய்வோரிடம் அதைத்தான் அளப்பார்கள். ஈரல் செய்து முடித்த வேலையின் ரசீது அது. ஆனால் இரண்டு மூன்று நாட்களில் பெரும்பகுதி போய்விடும்.

“எண்ணெய் அள்ளுன அன்னிக்கோ மறுநாளோ உங்ககிட்ட யாராவது யூரின் கேட்டாங்களாண்ணே?” என்றேன்.

“ஒருத்தரும் கேக்கல தம்பி. இந்த ரத்தமும் நானா காசு குடுத்துப் பாத்ததுதான்” என்று சொல்லி, தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.